ஒரே பெயரில் பல பேர்: வரலாறு குழப்பிக்கொண்டவர்களும் பிரித்து மீட்டவர்களும்

வரலாற்றில் ஒரே பெயரில் புகழ்பெற்ற பலர் இருந்திருக்கிறார்களா, அவர்களை எப்படிப் பிரித்தறிகிறார்கள் என்பது கேள்வி. இருந்திருக்கிறார்கள், ஏராளமாக. பெயர்களை மட்டும் வரிசையாக எழுதிக்கொண்டே போகலாம். அதில் பெரிய பயன் இல்லை. ஒரே பெயர் அந்த மனிதர்களுக்கு என்ன செய்தது என்று பார்த்தால்தான் விஷயம் புரியும். நான் படித்தவரையில் திரும்பத் திரும்ப நடப்பது ஒன்றுதான். பெயர் ஒன்றாக இருந்தால், புகழில் பெரியவர் மற்றவரை விழுங்கிவிடுகிறார். சின்னவருடைய நூல், வயது, குணம், ஊர் எல்லாம் பெரியவர் கணக்கில் போய்ச் சேர்ந்துவிடுகின்றன. விழுங்கப்பட்டவரை வெளியே எடுக்கச் சில சமயம் ஆயிரம் வருடம் ஆகியிருக்கிறது.

பெயரால் உயிரே போன கதையும் உண்டு. கி.மு. 44 மார்ச்சில் ஜூலியஸ் சீசர் கொல்லப்பட்டார். சில நாட்கள் கழித்து அவருடைய இறுதிச் சடங்கு நடந்தபோது ரோம் நகரம் கொதித்தெழுந்தது. லூசியஸ் கொர்னேலியஸ் சின்னா என்ற அதிகாரி அதற்கு முன்பு சீசரைப் பழித்துப் பொதுவெளியில் பேசியிருந்தார். கூட்டம் அவரைத் தேடிக்கொண்டிருந்தது. கையில் அகப்பட்டவரோ ஹெல்வியஸ் சின்னா. இவர் சீசரின் நண்பர். கவிஞர் என்று கிரேக்க வரலாற்றாசிரியர் புளூட்டார்க் குறிப்பிடுகிறார். முந்தின இரவு சீசர் தன்னை விருந்துக்கு அழைத்துக் கையைப் பிடித்து இழுப்பதாக இவர் கனவு கண்டாராம். உடம்பில் காய்ச்சல் இருந்தும், நண்பருக்குக் கடைசி மரியாதை செய்யாமல் இருக்க மனம் வராமல் வெளியே வந்தார். யார் இவர் என்று ஒருவர் கேட்க, சின்னா என்று இன்னொருவர் சொல்ல, அந்தப் பெயர் வாய்க்கு வாய் பரவியது. அங்கேயே அடித்துக் கொன்றுவிட்டார்கள். தலையை ஈட்டியில் குத்தி ஊர்வலம் போனதாக ரோம வரலாற்றாசிரியர் ஸ்வெட்டோனியஸ் எழுதுகிறார். இந்தச் சின்னா ஒன்பது வருடம் செதுக்கிச் செதுக்கி ஒரு நெடுங்கவிதை எழுதியவர். காலம் கடந்து நிற்கும் என்று சக கவிஞர் கடுல்லஸ் அதைக் கொண்டாடினார். இன்று அதில் மிஞ்சியிருப்பது ஒரு சில வரிகள்தான். கவிதையை இழந்து, தவறான ஆளாகச் செத்தவர் என்ற ஒரே அடையாளத்தோடு அவர் வரலாற்றில் நிற்கிறார்.

ரோமில் இப்படிப்பட்ட குழப்பத்துக்கு ஒரு காரணம் உண்டு. ஆண்களுக்கு வைக்க அவர்களிடம் புழக்கத்தில் இருந்த முதற்பெயர்கள் இருபதுகூட இல்லை. பிறகு குலப்பெயர், கிளைப்பெயர். பாட்டன், அப்பன், மகன் மூவருக்கும் மூன்று பாகமும் ஒன்றாகவே அமைவது சகஜம். கார்த்தேஜ் நாட்டுத் தளபதி ஹானிபாலை கி.மு. 202இல் சாமாவில் தோற்கடித்தவரும் பூப்ளியஸ் கொர்னேலியஸ் சிப்பியோ ஆப்பிரிக்கானஸ், கி.மு. 146இல் கார்த்தேஜை அழித்தவரும், தத்து முறையில் அவருக்குப் பேரனாகி, அதே பெயரைப் பெற்றவர். பிந்தியவரின் பிறந்த குடும்பத்தைக் காட்டும் ஏமிலியானஸ் என்ற ஒட்டுப்பெயர் இல்லாவிட்டால் படிப்பவர் திண்டாடிப் போவார்.

பெண்களின் நிலை இன்னும் மோசம். மகளுக்குத் தனிப்பெயரே கிடையாது. குலப்பெயரின் பெண்பால் வடிவம்தான் பெயர். சீசரின் அத்தை ஜூலியா, இரண்டு சகோதரிகளும் ஜூலியா, மகளும் ஜூலியா. அகஸ்டஸ் பேரரசரின் மகள் ஜூலியாவும் பேத்தி ஜூலியாவும் இருவருமே நாடு கடத்தப்பட்டார்கள், ஒருவர் கி.மு. 2இல், மற்றவர் கி.பி. 8இல். இரண்டு வாழ்க்கையும் ஒன்றோடொன்று கலந்துபோவதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

நம் இலக்கியத்தில் விழுங்கப்பட்டவருக்கு முதல் உதாரணம் ஔவையார். கோலூன்றிய மூதாட்டி, நெற்றியில் திருநீறு, குழந்தைகளுக்கு நீதி சொல்லும் பாட்டி என்றுதான் எல்லோர் மனத்திலும் படிந்திருக்கிறார். ஆத்திசூடி, கொன்றை வேந்தன், மூதுரை, நல்வழி ஆகியவற்றைப் பாடியவருக்கு அந்தப் படம் பொருந்தலாம். ஆனால் சங்கத் தொகைகளில் 59 பாடல்கள் பாடிய ஔவையார் வேறொருவர். புறநானூற்றில் மட்டும் 33. அதியமான் நெடுமான் அஞ்சியின் அவையில் இருந்தவர். தொண்டைமானிடம் போய், அவனுடைய படைக்கலங்கள் மாலை சூட்டி நெய் பூசிப் புத்தம் புதிதாக இருக்கின்றன, எங்கள் அரசனுடையவை பகைவரைக் குத்தி நுனி முரிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்று பாடியவர். புகழ்வது போல இடித்துரைத்த அந்தத் துணிச்சல் அவருக்கே உரியது.

இந்த ஔவை கிழவியும் இல்லை. 89ஆம் புறப்பாட்டில் பகை வேந்தன் ‘மடவரல் உண்கண் வாணுதல் விறலி’ என்று விளித்துக் கேள்வி கேட்பதாக அவரே பாடுகிறார். மை தீட்டிய கண்ணும் ஒளி பொருந்திய நெற்றியும் கொண்ட இளம் விறலி, ஆடிப் பாடும் கலைஞர், அவள். அதியமான் இறந்தபோது பாடிய 235ஆம் பாட்டு இன்னும் தெளிவு: ‘சிறியகட் பெறினே எமக்கீயும் மன்னே, பெரியகட் பெறினே யாம்பாடத் தான்மகிழ்ந்து உண்ணும் மன்னே’. கொஞ்சம் கள் கிடைத்தால் எங்களுக்குத் தந்துவிடுவான், நிறையக் கிடைத்தால் நாங்கள் பாட அவனும் மகிழ்ந்து குடிப்பான் என்று அழுகிறார். நல்வழியின் தொடக்கத்தில் பாலும் தெளிதேனும் பாகும் பருப்பும் படைத்துப் பிள்ளையாரிடம் சங்கத்தமிழ் மூன்றும் கேட்பவர் இவராக இருக்க முடியாது. சங்கப் பாடல்களில் பிள்ளையார் வழிபாடே இல்லை. ‘சங்கத்தமிழ்’ என்று ஒருவர் சொல்வதே, அந்தக் காலத்தைத் தாண்டி நின்று திரும்பிப் பார்ப்பவர் சொல்லும் பேச்சு. குறைந்தது இரண்டு பேர், பெரும்பாலும் மூன்று அல்லது அதற்கும் மேல் என்பதே இன்று ஆய்வாளர்கள் ஏற்பது. பிந்தைய ஔவையைக் குறைத்துச் சொல்வதற்கில்லை. ஓரடியில் ஒரு வாழ்க்கை முறையைச் சொல்லிவிடும் திறமை எளிதில் வராது. ஆனால் மூதாட்டி படம் இளம் விறலியை மூடிவிட்டது எனக்கு உண்மையாகவே வருத்தம். ஆண் புலவர்களுக்கு நடுவே அரசனின் தோழியாக இருந்து, தூது போய், கள் பகிர்ந்து, அவன் சாவுக்கு அப்படி ஒரு பாட்டு எழுதிய பெண் இரண்டாயிரம் வருடத்துக்கு முன் இருந்தாள் என்பதை எத்தனை பேர் அறிவார்கள்?

கபிலர் கதையும் அப்படியே. பாரியின் பறம்பு மலையைப் பாடி, அவன் இறந்த பின் அவன் மகளிரைக் கூட்டிக்கொண்டு அலைந்த கபிலர் ஒருவர். பதினோராம் திருமுறையில் மூத்த நாயனாராகிய பிள்ளையார்மீது இரட்டைமணிமாலை பாடிய கபிலதேவ நாயனார் வேறொருவர். இன்னா நாற்பது பாடியவர் பெயரும் கபிலர். சாங்கிய தத்துவத்தின் மூலவராகச் சொல்லப்படுபவரும் கபிலர். இவர்களை ஒரே ஆள் ஆக்கினால் அவருக்குப் பல நூற்றாண்டு ஆயுள் கொடுக்க வேண்டிவரும்.

சங்கப் பாடல்களைத் தொகுத்தவர்களுக்கு இந்தச் சிக்கல் நன்றாகவே தெரிந்திருந்தது. புலவர் பெயருக்கு முன்னால் ஊரையும் தொழிலையும் தந்தையையும் சேர்த்தது அதனால்தான்: மதுரைக் கூலவாணிகன் சீத்தலைச் சாத்தனார், மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார். சாத்தன், கூத்தன், நாகன் என்று ஆளாளுக்குப் பெயர் வைத்த காலத்தில் வேறு வழி இல்லை. அரசர்களுக்கு அவர்கள் வென்ற போர் அடையாளம். ‘உற்றுழி உதவியும் உறுபொருள் கொடுத்தும்’ என்று கல்வியின் சிறப்பைப் பாடியவன் ஆரியப்படை கடந்த நெடுஞ்செழியன். சின்ன வயதில் அரியணை ஏறி, தன்னை இளையன் என்று எள்ளியவர்களை முறியடிப்பேன் என்று வஞ்சினம் பாடியவன் தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியன். இரண்டும் பாண்டியர், இரண்டும் புலவர், பெயரும் ஒன்று. அடைமொழி மட்டும் இல்லாவிட்டால் இருவரும் ஒருவராகியிருப்பார்கள்.

போரும் அடையாளம் தராதபோது இறந்த இடம் உதவியது. இலவந்திகைப்பள்ளித் துஞ்சிய நன்மாறன், சித்திரமாடத்துத் துஞ்சிய நன்மாறன் என்று இரண்டு பாண்டியர்கள் புறநானூற்றில் வருகிறார்கள். குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன், குராப்பள்ளித் துஞ்சிய பெருந்திருமாவளவன் என்பதும் அதே முறை. ஒருவர் எங்கே இறந்தார் என்பது மாறப்போவதில்லை, இரண்டு பேருக்கு ஒன்றாக அமைவதும் அபூர்வம். எண் போட்டு முதலாம், இரண்டாம் என்று பிரிப்பதைவிட இது எனக்குப் பிடித்த முறை. எண் நமக்கு வரிசையை மட்டும்தான் சொல்கிறது. அதுவும் பெரும்பாலும் பின்னால் வந்தவர்கள் போட்டது.

எண்ணை நம்பினால் என்ன ஆகும் என்பதற்குப் போப்பாண்டவர்கள் வரிசை நல்ல சாட்சி. யோவான் என்ற பெயரில் எண்கள் 23 வரை போகின்றன. ஆனால் இருபதாம் யோவான் என்று ஒரு போப் இருந்ததே இல்லை. இடைக்காலத்தில் கணக்குப் பிசகிவிட்டது. அதைவிட விசேஷம், இருபத்து மூன்றாம் யோவான் என்ற பெயரை இரண்டு பேர் தாங்கியிருக்கிறார்கள். திருச்சபை பிளவுபட்டு ஒரே நேரத்தில் பலர் போப் என்று உரிமை கொண்டாடிய காலத்தில், 1410இல் பல்தசாரே கோசா அந்தப் பெயரை ஏற்றார். 1415இல் கான்ஸ்டன்ஸ் நகரில் கூடிய திருச்சபைச் சங்கம் அவரைப் பதவி நீக்கியது. அவருடைய கல்லறை ஃபிளாரன்ஸ் நகரின் திருமுழுக்கு ஆலயத்தில் இருக்கிறது. தொனாட்டெல்லோவும் மிக்கெலோட்சோவும் செய்த அழகான வேலைப்பாடு. அதில் ‘முன்னாள் போப் இருபத்து மூன்றாம் யோவான்’ என்று பொறித்திருக்கிறார்கள். அதற்குப் பின் ஐந்து நூற்றாண்டுக்கு மேல் எந்தப் போப்பும் யோவான் என்ற பெயரைத் தொடவில்லை. 1958இல் ஆஞ்சலோ ரொன்கால்லி தேர்வானதும் அதே பெயரையும் அதே எண்ணையும் எடுத்துக்கொண்டார். கோசா முறையான போப் அல்ல என்பதை அந்த எண் ஒன்றே சொல்லிவிட்டது. இரண்டாம் வத்திக்கான் சங்கத்தைக் கூட்டியவர் இந்த ரொன்கால்லி. இன்று அந்தப் பெயரைச் சொன்னால் கோசாவை நினைப்பவர் எவரும் இல்லை.

மூன்று பேர் ஒருவராக்கப்பட்ட கதைதான் எனக்குத் தெரிந்தவற்றில் பெரியது. விவிலியத்தில் அப்போஸ்தலர் நடபடிகள் 17ஆம் அதிகாரத்தில், ஏதென்ஸில் பவுலின் பேச்சைக் கேட்டு மனம் மாறியவர்களில் தியொனீசியு என்ற ஒருவர் வருகிறார். ஒரே ஒரு வரி, அவ்வளவுதான். பிறகு மூன்றாம் நூற்றாண்டில் பாரிஸில் மறைசாட்சியாக இறந்த ஆயர் ஒருவருக்கும் அதே பெயர், பிரெஞ்சில் தெனி. அடுத்ததாக, கி.பி. 500ஐ ஒட்டி, இறைவனை அறிவால் எட்ட முடியாது என்ற கருத்தை ஆழமாக ஆராயும் சில கிரேக்க நூல்கள் வெளிவருகின்றன. எழுதியவர் தன்னை பவுலின் மாணவரான தியொனீசியு என்றே காட்டிக்கொள்கிறார். 827இல் பைசாந்தியப் பேரரசர் அந்த நூல்களின் பிரதி ஒன்றைப் பிராங்கிய அரசர் லூயிக்குப் பரிசாக அனுப்பினார். அது பாரிஸுக்குப் பக்கத்தில் உள்ள புனித தெனி மடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. மடத்தின் தலைவர் ஹில்டுயின் மூவரும் ஒருவரே என்று எழுதிவைத்தார். தங்கள் மடத்தின் புனிதர் பவுலின் நேரடிச் சீடர், மாபெரும் தத்துவ ஞானி, பிரான்சுக்குக் கிறிஸ்தவத்தைக் கொண்டுவந்தவர் என்று ஆகிவிட்டால் மடத்துக்கு எவ்வளவு பெருமை!

இதைக் கேட்டவர்கள் கேட்டபடி நம்பினார்கள். 12ஆம் நூற்றாண்டில் அதே மடத்தில் துறவியாக இருந்த பீட்டர் அபெலார், இங்கிலாந்து வரலாற்றாசிரியர் பீட் எழுதியதில் இதற்கு முரணான ஒரு செய்தியைப் பார்த்துவிட்டு மற்றவர்களிடம் காட்டினார். மடமே அவர்மீது பாய்ந்தது. அவர் அங்கிருந்து தப்பி ஓட வேண்டியதாயிற்று. 15ஆம் நூற்றாண்டில் இத்தாலிய அறிஞர் லொரென்சோ வல்லா அந்த நூல்களின்மீது சந்தேகத்தைக் கிளப்பினார். வழக்கை முடித்துவைத்தது 1895. அந்த வருடம் கோக், ஸ்டிக்ல்மயர் என்ற இரண்டு ஜெர்மானிய ஆய்வாளர்கள், ஒருவரை எதிர்பாராமல் மற்றவர், ஒரே முடிவுக்கு வந்தார்கள். நூலில் தீமை பற்றி வரும் பகுதி புரோக்ளஸ் என்ற தத்துவவாதியின் எழுத்தை அடியொற்றியது. புரோக்ளஸ் இறந்தது கி.பி. 485இல். பவுலின் மாணவர் அதைப் படித்திருக்க முடியாது. சுமார் ஆயிரம் வருடம் மேற்கத்திய இறையியலை வடிவமைத்த ஒரு சிந்தனையாளரின் உண்மையான பெயர் இன்றுவரை நமக்குக் கிடைக்கவில்லை. ‘போலி தியொனீசியு’ என்று குறிப்பிடுகிறார்கள். எனக்கு அந்த அடைமொழி பிடிப்பதில்லை. அவர் சிந்தனை போலி அல்ல, பெயர்தான் இரவல்.

பிளினிக்கும் இதே விதிதான் நேர்ந்தது, ஆனால் சீக்கிரம் தீர்ந்தது. மூத்த பிளினி, இயற்கையைப் பற்றிய மாபெரும் தொகுப்பு நூலை எழுதியவர், கி.பி. 79இல் வெசூவியஸ் எரிமலை வெடித்தபோது மக்களைக் காப்பாற்றக் கப்பலோடு போய் இறந்தார். அவர் சகோதரி மகன் இளைய பிளினி கடிதங்களால் புகழ்பெற்றவர். தாய்மாமனின் சாவை வரலாற்றாசிரியர் டாசிட்டஸுக்கு விவரமாக எழுதியதே இவர்தான். இடைக்காலத்தில் இருவரையும் ஒருவர் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெரோனா நகரத்து மதகுரு ஜியோவன்னி தெ மாத்தோச்சீஸ் ‘இரண்டு பிளினிகள்’ பற்றி ஒரு சிறு குறிப்பு எழுதி அவர்களைப் பிரித்தார். அச்சு இல்லாத காலம், கையெழுத்துப் பிரதிகள் ஆங்கொன்றும் இங்கொன்றும் கிடந்த காலம் என்பதை நினைத்தால் அந்தச் சிறு குறிப்பின் அருமை தெரியும்.

பெயர் ஒற்றுமை ஒருவருக்குக் கிரீடமே சூட்டியிருக்கிறது. எகிப்தை கி.மு. 305 முதல் 30 வரை ஆண்ட அரசர்கள் எல்லோருக்கும் தாலமி என்றே பெயர். அதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த வானியலாளர் கிளாடியஸ் தாலமியும் அந்த வம்சம் என்று பலர் நினைத்துக்கொண்டார்கள். வத்திக்கானில் ராஃபேல் 1509க்கும் 1511க்கும் இடையில் தீட்டிய சுவரோவியத்தில், பூமி உருண்டையைக் கையில் ஏந்தி முதுகு காட்டி நிற்கும் தாலமியின் தலையில் கிரீடம் இருக்கிறது. அந்த வம்சத்தின் கடைசி அரசி கிளியோபாட்ரா, அந்தப் பெயரில் ஏழாமவர். ரசவாதம் எழுதிய இன்னொரு கிளியோபாட்ராவின் நூல் பிற்காலத்தில் அரசியின் கணக்கில் ஏறியது. அறிவியலில் ஈடுபட்ட ஒரு பெண்ணின் உழைப்பு, அழகுக்காகப் பேசப்படும் ஓர் அரசியின் பெயரில் கரைந்துபோனதை என்னால் சும்மா கடந்து போக முடியவில்லை.

இந்தியக் கணிதத்தில் இரண்டு பாஸ்கரர்கள். முதலாமவர் ஆரியபடீயத்துக்கு 629இல் உரை எழுதியவர். ஆரியபடரை நாம் புரிந்துகொள்ள முடிவதில் இவருக்குப் பெரிய பங்கு உண்டு. இரண்டாமவர் லீலாவதி எழுதியவர். பாஸ்கரர் என்றால் பெரும்பாலோர் நினைவுக்கு வருபவர் இவர்தான். உரைகாரர் நிழலில் நின்றுவிட்டார். ஆனால் இவர்களைப் பிரிப்பதில் சந்தேகத்துக்கே இடமில்லை, ஏனென்றால் இரண்டாமவர் தன் பிறந்த வருடத்தைச் சுலோகத்திலேயே பூட்டிவைத்திருக்கிறார்: ரச, குண, பூர்ண, மஹீ. சுவை ஆறு, குணம் மூன்று, பூர்ணம் பூஜ்யம், பூமி ஒன்று. வலமிருந்து இடமாகப் படித்தால் 1036; சக ஆண்டு 1036 என்பது கி.பி. 1114. தன் 36ஆம் வயதில் சித்தாந்த சிரோமணியை முடித்ததாகவும் சொல்கிறார். ஆரியபடரும் அப்படியே: அறுபது அறுபதுகளான வருடங்கள், அதாவது 3600 கலி ஆண்டுகள் கழிந்தபோது தனக்கு 23 வயது என்கிறார். அது கி.பி. 499, ஆக அவர் பிறந்தது 476.

இவ்வளவு தெளிவாகச் சொன்னவரைக்கூட வரலாறு விட்டுவைக்கவில்லை. இந்த முறை நடந்தது எதிர்த்திசைப் பிழை. 11ஆம் நூற்றாண்டில் இந்தியாவைப் பற்றி எழுதிய அல்-பிரூனி, மூத்த ஆரியபடர், குசுமபுரத்து ஆரியபடர் என்று இருவரைக் குறிப்பிட்டார். கைக்குக் கிடைத்த மேற்கோள்களை வைத்து அவர் அப்படி முடிவு செய்தார். பின்னாளில் ஆராய்ந்தவர்கள் அந்த இருவரும் ஒருவரே என்று காட்டினார்கள். மகாசித்தாந்தம் எழுதிய இன்னோர் ஆரியபடர் பிற்காலத்தில் உண்மையாகவே இருந்தார் என்பது குழப்பத்தை மேலும் கூட்டியது. ஆகவே சந்தேகம் வந்ததும் ஆளைப் பிரித்துவிடுவதும் சரியல்ல. சேர்ப்பதற்கு எவ்வளவு ஆதாரம் வேண்டுமோ, பிரிப்பதற்கும் அவ்வளவு வேண்டும்.

உயிரோடு இருக்கும்போதே பெயர் சுமையானவர்களும் உண்டு. ரோமில் அரசர்களை விரட்டிக் குடியரசை நிறுவியவர் லூசியஸ் ஜூனியஸ் புரூட்டஸ், மரபுப்படி கி.மு. 509. சீசர் சர்வாதிகாரி ஆனபோது, அந்தப் பழைய புரூட்டஸின் சிலையில் ‘நீ இப்போது இருந்திருக்கக் கூடாதா’ என்று எழுதினார்கள். அதே பெயர் கொண்ட மார்க்கஸ் புரூட்டஸின் இருக்கையில் ‘புரூட்டஸ், தூங்குகிறாயா?’ என்று எழுதிவைத்தார்கள். சீசரைக் கொன்றவர்களில் அவரும் ஒருவரானதற்கு வேறு காரணங்களும் இருந்தன. ஆனால் புளூட்டார்க் சொல்வதைப் படித்தால் அந்தப் பெயரே அவரை உந்தித் தள்ளியது போலத் தோன்றுகிறது. யோஹான் ஸ்ட்ராஸ் என்ற பெயரில் தந்தையும் மகனும் வியன்னாவில் ஒரே தொழிலில் மோதிக்கொண்டார்கள். மகன் இசைக்கு வருவதில் தந்தைக்கு விருப்பமே இல்லை; 1844இல் மகன் சொந்த வாத்தியக் குழுவோடு மேடையேறிவிட்டார். 1848 புரட்சியில் தந்தை அரச பக்கம், மகன் புரட்சிக்காரர் பக்கம். இன்று ஸ்ட்ராஸ் என்றால் பெரும்பாலும் மகன்தான்.

பெயரை விரும்பி எடுத்துக்கொண்டவர்களும் இருக்கிறார்கள். 1929இல் அட்லாண்டாவில் பிறந்த ஒரு குழந்தைக்கு அப்பாவின் பெயரான மைக்கேல் கிங் என்றே பெயர். மதபோதகரான அப்பா 1934இல் ஜெர்மனிக்குப் போய் வந்த பிறகு தன் பெயரையும் மகன் பெயரையும் மார்ட்டின் லூதர் கிங் என்று மாற்றினார். அந்த மூல மார்ட்டின் லூதர், கிறிஸ்தவச் சீர்திருத்தவாதி, 1483 நவம்பர் 10இல் பிறந்தவர். மறுநாள் புனித மார்ட்டின் திருநாள், அன்று திருமுழுக்குப் பெற்றதால் அந்தப் பெயர். புனித மார்ட்டினோ நான்காம் நூற்றாண்டில் ரோமானியப் படையிலிருந்து விலகியவர், குளிரில் நடுங்கிய பிச்சைக்காரருக்குத் தன் மேலங்கியில் பாதியை வெட்டிக் கொடுத்ததாகப் போற்றப்படுபவர். ஆயுதம் வேண்டாம் என்ற ஒரு சிப்பாயின் பெயர் ஆயிரத்து ஐந்நூறு வருடம் கடந்து அறவழியில் போராடிய ஒருவருக்கு வந்து சேர்ந்திருக்கிறது. யாரும் திட்டமிட்டுச் செய்ததல்ல இது.

சமகாலத்தில் இரண்டு பேருக்கு ஒரே பெயர் வந்து, அதை அவர்களே பேசித் தீர்த்துக்கொண்ட அழகான சம்பவம் ஒன்று உண்டு. 1899இல் இங்கிலாந்தில் ஓர் இளைஞர், தான் எழுதிய நாவல் தொடராக வந்துகொண்டிருந்த நேரத்தில், நாவல் எழுதும் திறமையைப் பாராட்டி நிறையக் கடிதங்கள் வருவதைப் பார்த்து மகிழ்ந்தார். பிறகுதான் தெரிந்தது, பாராட்டு தனக்கு இல்லை என்று. அமெரிக்காவில் அதே பெயரில் ஒரு நாவலாசிரியர் இருந்தார். அவருடைய புத்தகம்தான் அந்த வருடம் சக்கைப்போடு போட்டுக்கொண்டிருந்தது. அமெரிக்கர் மூன்று வயது மூத்தவர், 1871இல் பிறந்தவர். அந்த நாளில் உலகம் அறிந்த வின்ஸ்டன் சர்ச்சில் அவர்தான்.

இங்கிலாந்துச் சர்ச்சில் உடனே ஒரு கடிதம் எழுதினார். ‘திரு. வின்ஸ்டன் சர்ச்சில், திரு. வின்ஸ்டன் சர்ச்சிலுக்குத் தம் வணக்கத்தைத் தெரிவித்து, இருவரையும் பாதிக்கும் ஒரு விஷயத்தை அவர் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறார்’ என்று தொடங்குகிறது அது. இனித் தன் எழுத்துகளில் எல்லாம் ‘வின்ஸ்டன் ஸ்பென்சர் சர்ச்சில்’ என்று கையெழுத்திடுவதாக உறுதி சொன்னார். அமெரிக்கரும் அதே மரியாதையோடு பதில் எழுதினார்: தனக்கு நடுப்பெயர் இருந்திருந்தால் தானே அதைச் சேர்த்துக்கொண்டிருப்பேன் என்று. 1900 டிசம்பரில் இருவரும் பாஸ்டனில் சந்தித்தார்கள். இங்கிலாந்துக்காரர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். அவருடைய நூல்களின் அட்டையில் சர்ச்சிலுக்கு முன்னால் ஓர் ‘எஸ்’ நிற்பதற்குக் காரணம் இதுதான். 1953இல் இலக்கிய நோபல் பரிசும் அவருக்குக் கிடைத்தது. நடுப்பெயரே தேவைப்படாமல் இருந்த அமெரிக்கர் 1947இல் இறந்தபோது ஏறக்குறைய மறக்கப்பட்டிருந்தார்.

சினிமாவில் இது தொழில் விதியாகவே ஆகிவிட்டது. அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் நடிகர் சங்கத்தில் ஏற்கெனவே பதிவான பெயரை இன்னொருவர் வைத்துக்கொள்ளப் பொதுவாக விடுவதில்லை. ஜேம்ஸ் ஸ்டூவர்ட் என்று பிறந்த ஆங்கில நடிகர் ஸ்டூவர்ட் கிரேஞ்சர் ஆனார். மைக்கேல் டக்ளஸ் என்று பிறந்தவர் மைக்கேல் கீட்டன் ஆனார். ஆராய்ச்சித் துறையில் பெயரை மாற்றச் சொல்ல முடியாது. ஒரே பெயரில் நூற்றுக்கணக்கானோர் கட்டுரை எழுதும்போது யாருடையது எது என்று பிரிக்க, 2012இல் ‘ஆர்கிட்’ என்ற பதினாறு இலக்க அடையாள எண் முறை தொடங்கியது. நூலகங்கள் வெகுகாலமாகவே பெயரோடு பிறந்த, இறந்த வருடங்களைச் சேர்த்துப் பட்டியலிடுகின்றன.

பழைய ஆட்களுக்கு இந்த வசதி இல்லை. அங்கே நூலுக்குள்ளேதான் தேட வேண்டும்: எந்த அரசனைப் பாடுகிறார், எந்தத் தெய்வம் வருகிறது, யாரை மேற்கோள் காட்டுகிறார், எந்தச் சொல் எந்தக் காலத்துக்கு முன் வழக்கில் இல்லை. இன்னும் தீராமல் கிடக்கும் வழக்கு நக்கீரருடையது. பாண்டியன் நெடுஞ்செழியன் பாசறையில் நடுநிசியில் காயம்பட்ட வீரர்களைப் பார்த்து வரும் காட்சியை நெடுநல்வாடையில் பாடியவர் நக்கீரர். திருமுருகாற்றுப்படையும் நக்கீரர் பெயரில். இறையனார் களவியல் உரையும் அவர் பெயரில். ஆனால் அந்த உரை, தான் பத்துத் தலைமுறை வாய்வழியாக வந்ததாகத் தானே சொல்கிறது, ஏழாம் நூற்றாண்டுப் பாண்டியனைப் பாடும் கோவையிலிருந்து மேற்கோளும் காட்டுகிறது. பதினோராம் திருமுறையில் அந்தாதி பாடியவர் நக்கீரதேவ நாயனார். நெற்றிக்கண்ணுக்கு அஞ்சாமல் குற்றம் குற்றமே என்று நின்ற கதை இவர்கள் எல்லோரையும் ஒரே முகமாக்கிவிட்டது.

களவியல் உரையும் அந்தாதியும் வேறு கைகள் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. முருகாற்றுப்படைதான் கடினம். மரபு அதையும் நெடுநல்வாடையையும் ஒருவருடையது என்கிறது. இரண்டுக்கும் ஒரே அகவல் நடை என்பதும் மெய். ஆனாலும் நான் இருவர் பக்கமே சாய்கிறேன். நெடுநல்வாடையில் தெய்வம் ஓரத்தில் நிற்கிறது, குளிரும் அரண்மனையும் தனித்திருக்கும் அரசியும்தான் பாட்டு. முருகாற்றுப்படையிலோ தலம் தலமாக வழிபாடும், ஆறு முகங்களுக்கும் பன்னிரு கைகளுக்கும் தனித்தனித் தொழிலும் முறைப்படுத்தி வருகின்றன. அந்த அளவு கட்டமைந்த முருக வழிபாடு மற்றப் பழைய தொகைப் பாடல்களில் அரிது. பிந்திய பரிபாடலில்தான் அதற்கு நெருங்கிய உறவு தெரிகிறது. இரண்டு பாட்டையும் அடுத்தடுத்து வைத்து ஒரே மூச்சில் படித்துப் பாருங்கள். உங்களுக்கு ஒரு குரல் கேட்கிறதா, இரண்டா என்று சொல்லுங்கள்.